துரைசானியின் கை நடுங்கவில்லை

எங்கள் வீட்டு அடுப்பில் ஒரு காலத்தில் சோறும் வெந்தது, துப்பாக்கிக் குண்டும் வெந்தது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் என் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். கிழவிக்கு மறதி முற்றிவிட்டது என்று நினைக்கிறார்களோ என்னவோ. நீங்கள் நம்புவீர்கள். ஜப்பான்காரன் வருவதற்கு முந்தைய கோலாலம்பூரில் மூக்கொழுகித் திரிந்தவர்கள் நாம். அந்த நாளில் எந்த வீட்டு அடுப்பில் எது வெந்தது என்று யார் போய்க் கேட்டார்கள்?

எனக்கு அப்போது ஒன்பது வயது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா ரயில்வே பட்டறையில் பிட்டர். இரும்பை நூலளவு பிசகாமல் கடைந்து கொடுப்பவர் என்று பெயர். அந்தப் பெயரை அவரே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வதும் உண்டு. அடுத்த வீட்டில் மாமா, அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். அதே பட்டறையில் வார்ப்புப் பிரிவில் வேலை. மண்ணில் அச்சுப் பிடித்து, உருக்கிய உலோகத்தை அதில் ஊற்றி எடுப்பார்கள். அப்பாவுக்கு அந்தப் பிரிவு என்றாலே இளக்காரம்.

“மண்ணு பிசையுற வேலைக்கு மூளை எதுக்கு?” என்பார்.

மாமா சும்மா இருப்பாரா? “நாங்க பெத்துக் குடுக்குறோம் மாப்பிள்ளை. நீங்க குளிப்பாட்டிப் பவுடர் போடுறீங்க. அவ்வளவுதான்” என்பார்.

நான் சொல்லப்போகும் சமயத்தில் இருவருக்கும் பேச்சே இல்லை. மாமா வீட்டுச் சேவல் எங்கள் வேலியைத் தாண்டி வந்து அப்பாவின் கீரைப் பாத்தியைக் கிளறிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கோழிக்கறி. பாசாரில் வாங்கிய கோழி என்று அப்பா இன்றைக்கு இருந்தாலும் சத்தியம் செய்வார். நானும் இரண்டு துண்டு தின்றவள் என்பதால் இதில் தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அப்பாவுக்குக் குண்டு வார்க்கும் வேலை வந்தது துரைசானியால். பட்டறை என்ஜினியர் துரையின் மனைவி. முகமெல்லாம் வெயில் புள்ளி, ஆறடி உயரம், ஆண்பிள்ளை மாதிரி நீட்டி வைக்கும் நடை. கிள்ளான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தமிழ் ஆயாவின் இடுப்பிலேயே வளர்ந்தவள். அதனால் நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவாள். ஆனால் ஆயா அவளிடம் பேசிய தமிழ்தானே அவளுக்குத் தெரியும்? குழந்தையிடம் யார் ‘வாங்க, போங்க’ என்று பேசுவார்கள்? அதனால் பிட்டரானாலும் பாதிரியாரானாலும் எல்லோரையும் ‘வா, போ’தான். பாதிரியார் சிரித்துக்கொண்டு போய்விடுவார். அப்பாவுக்குக் காது சிவந்துவிடும்.

அவளுக்குக் கைத்துப்பாக்கி சுடுவதில் பைத்தியம். ரிவால்வர் என்று சொல்வோமே, ஆறு தோட்டா போட்டுச் சுழலும் உருளை உள்ளது, அது. கோலாலம்பூர்த் துரைமார்கள் ஒரு அணி, கிள்ளான் துரைமார்கள் ஒரு அணி என்று வருஷத்துக்கு ஒரு முறை போட்டி நடக்கும். கோலாலம்பூர் அணி ஆறு பேரில் அவள் ஒருத்திதான் பெண். கடைத் தோட்டா கப்பலில் வந்து இறங்குவதற்குள் மாதங்கள் ஓடிவிடும் என்பதால், சுட்ட வெற்றுக் கூடுகளிலேயே மறுபடி மருந்து நிரப்பிக்கொள்வாள். மருந்து நிரப்புவதை வேறொருவர் கையில் விடமாட்டாள். நுனியில் வைக்கிற குண்டை வார்த்துக் கொடுப்பது மட்டும் அப்பாவின் பொறுப்பு.

குண்டுக்கு வேண்டியது காரீயம். நம் ஊரில் ஈயம் என்றால் சீனர்கள் மண்ணைக் கழுவி எடுக்கும் வெள்ளீயம்தான் நினைவுக்கு வரும். இது வேறு. பழைய தண்ணீர்க் குழாயிலிருந்து வந்த கறுத்த காரீயம். துரையே பட்டறைக் கழிவிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் அப்பா அதைத் துண்டாக்கி ஒரு பழைய இரும்புச் சட்டியில் போட்டு அடுப்பில் ஏற்றுவார். முதலில் கறுப்பாக முரண்டு பிடிக்கும். பிறகு ஓரத்தில் ஒரு துளி வெள்ளியாக நழுவும். அப்புறம் ஒரே நிமிஷத்தில் மொத்தமும் குளமாகிவிடும். மேலே மிதக்கும் அழுக்கை ஒதுக்கிவிட்டு, கரண்டியால் மொண்டு அச்சில் ஊற்றுவார். எண்ணிப் பத்து வினாடி. அச்சைத் திறந்தால் புது வெள்ளிப் பல் மாதிரி ஒரு குண்டு சாக்கில் வந்து விழும். அந்தப் புகையை நான் மூக்கு நிறைய இழுத்திருக்கிறேன். அதே அடுப்பில் அடுத்த அரை மணி நேரத்தில் அம்மா ரசம் வைப்பாள். அந்தப் புகை விஷம் என்று இன்று சொல்கிறார்கள். அன்றைக்கு அந்த வாசனை வந்தால் எனக்குச் சனிக்கிழமை.

ஆரம்பத்தில் துரைசானி சீமையிலிருந்து கொண்டுவந்த அச்சைத்தான் பயன்படுத்தினார்கள். அதில் வார்த்த குண்டால் அவள் சுட்ட இலக்கு அட்டையை அப்பா ஒருமுறை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார். நடுவில் ஒரு வெள்ளிக் காசு அகலத்துக்குள் பன்னிரண்டு ஓட்டை. பிறகு ஒரு நாள் அந்த அச்சின் கீல் உடைந்து, ஒரு பாதி கையிலிருந்து தவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்து விளிம்பு நசுங்கிவிட்டது.

“இதுக்கு எதுக்குச் சீமைக்கு எழுதணும்? நான் கடைஞ்சு தரேன்” என்றார் அப்பா.

கடைந்தும் கொடுத்தார். பித்தளையில் இரண்டு பாதி, மரக் கைப்பிடி. தங்க நகை மாதிரி இருந்தது. குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்க அதை எடுத்துப்போய்க் காட்டினார், மாமா வீட்டைத் தவிர.

தொல்லை அதன் பிறகுதான் தொடங்கியது.

சாலாக் சவுத் பக்கம் ஈயம் எடுத்துவிட்டுப் போட்ட வெள்ளை மணல்மேடு ஒன்று உண்டு. துரைமார்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கேதான் சுட்டுப் பழகுவார்கள். குண்டு டப்பாவோடு அப்பா சைக்கிளில் போவார். டப்பா உருண்டு விழாமல் மடியில் வைத்துக்கொள்வதற்காகப் பின்சீட்டில் நான். மாதா கோவிலில் முதல் பூசை முடிந்த கையோடு கிளம்புவோம். துப்பாக்கிச் சத்தத்துக்குக் காதில் பஞ்சு வைத்துவிடுவார்கள். எனக்குக் கோவில் மணியைவிட அது பிடித்திருந்தது என்பதை இப்போது சொன்னால் பாவமில்லை.

புது அச்சுக் குண்டில் முதல் ஆறு சூடு நன்றாகத்தான் போனது. அடுத்த ஆறு அங்கொன்றும் இங்கொன்றும். மூன்றாவது ஆறில் அட்டையைப் பார்த்த எனக்கே சிரிப்பு வந்தது. ஓட்டை வட்டமாக இல்லை. நீட்டு நீட்டாக, சாவித் துவாரம் மாதிரி இருந்தது. குண்டு நேராகப் போகாமல் பக்கவாட்டில் விழுந்து போயிருக்கிறது.

துரைசானி உருளையைத் திறந்து குழலுக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். “இங்கே பாரு. உள்ளே எல்லாம் அப்பிக் கெடக்கு” என்று அப்பாவிடம் நீட்டினாள். குழலுக்குள் சுருள் சுருளாக வரி வெட்டியிருக்கும், குண்டைச் சுழற்றி அனுப்புவதற்கு. அந்த வரியெல்லாம் தெரியாதபடி காரீயம் படலமாக ஒட்டியிருந்தது. முக்கியமாக உருளையை ஒட்டிய முனையில். வாய்ப்பக்கம் பளிச்சென்று இருந்தது. அப்பா அதைப் பார்த்தார், ஆனால் யோசிக்கவில்லை. பார்க்கிறவர்கள் எல்லோரும் யோசிக்கிறார்களா என்ன?

“மெழுகு பத்தலே” என்றார்.

குண்டின் இடுப்பில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் மெழுகும் கொழுப்பும் பூச வேண்டும், குழலில் வழுக்கிப் போவதற்காக. அம்மா கோவிலுக்கு மெழுகுவத்தி ஊற்றிக் கொடுப்பவள். அவளிடம் எப்போதும் தேன்மெழுகு இருக்கும். அதில் ஒரு கட்டியை அப்பா கேட்காமலே எடுத்து ஆட்டுக்கொழுப்போடு உருக்கித் தாராளமாகப் பூசினார். அடுத்த ஞாயிறு குழல் முழுக்க வழவழவென்று இருந்தது, காரீயமும் அப்படியே அப்பியிருந்தது. ஈஸ்டர் மெழுகுவத்தி மட்டும் அந்த வருஷம் ஒரு சாண் குட்டையாகிப் போனது.

பிறகு, “காரீயம் ரொம்ப மெதுவு. அதான் உரசி ஒட்டுது. கெட்டிப்படுத்தினா ஒட்டாது” என்று கண்டுபிடித்தார். பட்டறையில் தேய்ந்துபோன பேரிங்குகளில் வெள்ளை உலோகம் கிடைக்கும். அதை உருக்கிக் கலந்தார். குண்டு நகத்தால் கீறினால் கீறல் விழாத அளவு கெட்டியாக வந்தது. அப்பாவுக்கு ஏக சந்தோஷம். அந்த ஞாயிறுதான் எல்லாவற்றையும்விட மோசம். ஐந்தாவது சூட்டிலேயே சாவித் துவாரம்.

குழலைச் சுத்தம் செய்வதே அப்புறம் ஒரு தனிக் கூத்தாகிவிட்டது. அப்பா துரைசானி பங்களாவின் பின்தாழ்வாரத்தில் உட்கார்ந்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பியில் துணியைச் சுற்றித் தேய் தேய் என்று தேய்ப்பார். காரீயம் அசையாது. எங்கள் வீட்டுக் கோப்பி வடிகட்டியின் பித்தளை வலையைக் கத்தரித்துக் கம்பியில் சுற்றித் தேய்த்ததும் சுருள் சுருளாக உதிர்ந்து வந்தது. மறுநாளிலிருந்து நாங்கள் கசடோடு கோப்பி குடித்தோம். இன்னொரு முறை பாதரசத்தைக் குழலில் ஊற்றி இரண்டு பக்கமும் அடைத்துக் குலுக்கினார்கள். காரீயத்தைப் பாதரசம் கரைத்துக்கொள்ளுமாம். மீந்த பாதரசத்தை எனக்கு விளையாடக் கொடுத்தார்கள்! உள்ளங்கையில் அது உருண்டு, உடைந்து, மறுபடி சேரும் அழகை எப்படிச் சொல்வேன். ஒரு ஊறுகாய்ப் போத்தலில் போட்டுத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினேன். இதை இதுவரை எந்த டாக்டரிடமும் சொல்லவில்லை. எண்பதைத் தாண்டிய பிறகு சொல்லி என்ன ஆகப்போகிறது?

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன்.

போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. மணல்மேட்டில் துரைசானி அட்டையைப் பார்க்க நடந்து போயிருந்தாள். அணித் தலைவர் ஒரு வங்கித் துரை. ஒல்லியானவர், மீசையை மெழுகு வைத்து முறுக்கியிருப்பார். அவர் அப்பாவிடம் வந்து, “புல்லட் ஓகே?” என்று கேட்டார்.

அப்பா என்ன சொல்லியிருக்க வேண்டும்? தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நூலளவு பிசகாதவர் ஆயிற்றே!

“புல்லட் நம்பர் ஒன் சார்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “லேடி ஹேண்ட் ஷேக்கிங் சார்.”

வங்கித் துரை மீசையைத் தடவிக்கொண்டு, தான் எதிர்பார்த்ததுதான் என்பதுபோலத் தலையாட்டினார். நான் டப்பாவோடு பக்கத்திலேயே நின்றிருந்தேன். காதில் பஞ்சு இருந்தும் எல்லாம் கேட்டது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பஞ்சைக் காட்டி, ஒன்றும் கேட்காதது மாதிரி நின்றேன். ஒன்பது வயதில் நான் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான், வாயைத் திறக்காமலே.

நாலு நாள் கழித்து துரைசானியை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் அவளே குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டாள். பாசார் கூடையில் துணி போட்டு மூடி ரிவால்வர். துரைசானி ஒருத்தி எங்கள் வரிசைக்குள் நடந்து வருவதை அதற்குமுன் யாரும் கண்டதில்லை. வேலியோரம் பூராவும் தலைகள். அம்மா இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டு, கண்ணாடிக் கோப்பையில் விளிம்பு வரை தேத்தண்ணி கொடுத்தாள்.

துரைசானி குடிக்கவில்லை. கோப்பையைத் தட்டோடு வலது கையில் ஏந்தி, கையை முழுசாக நீட்டினாள். அப்படியே வைத்திருந்தாள். நான் மனசுக்குள் முப்பது வரை எண்ணினேன். ஒரு சொட்டு தளும்பவில்லை.

“என் கை ஆடுதுன்னு எவனோ சொல்லியிருக்கான்” என்றாள். “பாரு. ஆடுதா?”

அப்பா கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். “இல்லைங்க மேம்” என்றார்.

“அப்போ என்னதான் கோளாறு? பொம்பளைக் கைன்னாலே நடுங்கும்னு அவனுங்க ஆரம்பத்திலிருந்தே காத்துக்கிட்டு இருந்தானுங்க. இந்தக் குழலைச் சரி பண்ணிக் குடு. நான் யாருன்னு காட்டுறேன்.” அவள் குரல் கடைசியில் கொஞ்சம் உடைந்தது. அதை மறைக்கத்தான் கோப்பையைத் தூக்கி ஒரே மூச்சில் குடித்தாள்.

அம்மா அதுவரை வாசற்படியில் நின்றிருந்தவள், முந்தானையில் கையைத் துடைத்தபடி கேட்டாள்: “கடைசியா எப்போங்க நல்லா சுட்டீங்க?”

“பழைய அச்சு இருந்தப்போ.”

“அப்போ அதுக்கப்புறம் எது மாறிச்சு?”

“மெழுகு மாத்தினோம். காரீயம் மாத்தினோம்...” என்று அப்பா தொடங்கினார்.

“அதெல்லாம் கோளாறு வந்தப்புறம் நீங்க மாத்துனது. கோளாறு வரதுக்கு முன்னாடி மாறினது எது?”

பதில் எல்லோருக்கும் தெரியும். அச்சு.

“அச்சு நான் நேரா அளந்து கடைஞ்சது” என்றார் அப்பா. “குழலுக்குள்ளே என்ன அளவோ, அச்சுக்குள்ளேயும் அதே அளவு. ஒரு மயிரிழை கூடக் குறைய இல்லே.”

அம்மா அப்பாவை ஒரு மாதிரிப் பார்த்தாள். “ஏங்க, நான் மெழுகுவத்தி ஊத்துறேனே. அந்தத் தகரக் குழாயிலே விளிம்பு வரைக்கும்தான் ஊத்துறேன். ஆறினதும் அது எப்படித் தானா நழுவி வெளியே வருது?”

“சுருங்கிடும். அதான் வருது.”

“உங்க காரீயம் சுருங்காதா?”

துரைசானி கூடையிலிருந்து ரிவால்வரை எடுத்தாள். உருளையைத் திறந்து காலியாக இருப்பதை எங்களுக்குக் காட்டிவிட்டு அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா அதைக் கருவாட்டைப் பிடிப்பது மாதிரி இரண்டு விரலால் பிடித்தாள். டப்பாவிலிருந்து ஒரு குண்டை எடுத்து, அப்பியிராத வாய்ப்பக்கத்தில் வைத்து, சமையலறைக் குச்சியால் மெல்லத் தள்ளினாள். ஒரு முரண்டும் இல்லாமல் உள்ளே போனது. உருளைப் பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிவிட்டு வாய்வழியாகப் பார்த்தாள்.

“பிறை பிறையா வெளிச்சம் தெரியுது” என்றாள். “சுத்திலும்.”

துரைசானி வாங்கிப் பார்த்தாள். அப்பா வாங்கிப் பார்த்தார். எனக்கும் காட்டினார்கள். கறுப்பு வட்டத்தைச் சுற்றி, வரி வெட்டிய ஒவ்வொரு இடத்திலும் மெல்லிய வெள்ளைப் பிறை. குண்டு குழலை அடைக்கவில்லை.

“ஒரு நூல்தானே...” என்றார் அப்பா.

“நூலளவு பிசகாதுன்னு ஊரெல்லாம் சொன்னது நானா?” என்றாள் அம்மா.

துரைசானி வாய்விட்டுச் சிரித்தாள். வேலியோரத் தலைகளும் சிரித்தன. எல்லாம் அதோடு முடிந்திருந்தால் அப்பாவுக்கு அன்று தப்பிக்க வழி இருந்தது. வங்கித் துரையிடம் சொன்னவன் யார் என்று அவளுக்குத் தெரியாது. நானும் வாயைத் திறக்கப் போவதில்லை. அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில், ‘உனக்குக் கேட்டதுதானே’ என்றிருந்தது. பிறகு துரைசானி பக்கம் திரும்பினார்.

“மேம், உங்க கை நடுங்குதுன்னு அந்தத் துரைகிட்டே சொன்னது நான்தாங்க.”

சிரிப்பு அறுந்தது மாதிரி நின்றது.

“நீயா?”

“ஆமாங்க. குண்டு சரியான்னு கேட்டாரு. என் வேலை தப்புன்னு சொல்ல வாய் வரலே.”

திட்டுவாள், துரையிடம் சொல்லி வேலையைப் பறிப்பாள் என்று நினைத்தேன். அவளோ ரிவால்வரைக் கூடையில் வைத்துத் துணியைப் போர்த்தி எடுத்துக்கொண்டு, நீட்டி நீட்டி நடந்து போய்விட்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டை அம்மா அப்பாவின் முன் வைத்த சத்தத்திலேயே அவள் என்ன நினைக்கிறாள் என்பது தெரிந்தது. சாப்பிட்டுக் கை கழுவிய அப்பா, பித்தளை அச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சேவல் விவகாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக மாமா வீட்டுக் கதவைத் தட்டினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

மாமா அச்சைப் புரட்டிப் பார்த்தார். கேட்டதெல்லாம் கேட்டார். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“சுருக்கத்துக்கு விடாமலா அச்சு கடைஞ்சீங்க? எங்க பட்டறைலே நேத்து வந்த பயலுக்குக் கூட அது தெரியுமே மாப்பிள்ளை!”

“அதான் மச்சான் வந்திருக்கேன்.”

அந்த ஒரு சொல் போதும் மாமாவுக்கு. சிரிப்பை விட்டுவிட்டு அருகில் உட்காரச் சொன்னார். “காரீயம் மெதுவா இருந்தப்போ, மருந்து பின்னாலே குத்துன குத்துலே குண்டு கொஞ்சம் உப்பி இடைவெளியை அடைச்சிருக்கும். அதான் முதல்லே கொஞ்ச நேரம் நல்லா போயிருக்கு. நீங்க வெள்ளை உலோகத்தைக் கலந்து அதைக் கல்லாக்கிட்டீங்க. கல்லு எங்கே உப்பும்? நெருப்பு ஓரமா நுழைஞ்சு குண்டோட விலாவை உருக்கி, எடுத்த எடுப்பிலேயே குழல்லே பூசிடுச்சு. அதான் உருளைப் பக்கம் மட்டும் அப்பியிருக்கு. மெழுகு குறைஞ்சிருந்தா வாய்ப்பக்கம்லா அப்பியிருக்கும்.”

இருவரும் சேர்ந்து மூன்று நாள் மாலை அந்த அச்சோடு மல்லுக்கட்டினார்கள். மணல்தூள் வைத்து உள்பக்கத்தைத் துளித் துளியாக அகட்டி, வார்த்து, அளந்து, மறுபடி அகட்டினார்கள். இந்த முறை அச்சை அளக்கவில்லை, ஆறின குண்டை அளந்தார்கள். வெறும் காரீயத்தில் வெள்ளை உலோகம் பேருக்குக் கொஞ்சம். துப்பாக்கிக் குழலின் அளவுக்கு அப்பா முன்பே கடைந்து வைத்திருந்த இரும்புக் குழாய்க்குள் கடைசிக் குண்டு இறுக்கமாக நுழைந்தபோது மாமா சொன்னார்: “சேவல் கறி நல்லா இருந்துச்சா?” அப்பா, “கொஞ்சம் முத்தல்” என்றார். அத்தோடு அந்த வழக்குத் தள்ளுபடி.

வங்கித் துரையிடம் போய் உண்மையைச் சொல்லும் வேலை பாக்கி இருந்தது. அப்பா கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டார். பாதி வழியில் திரும்பிவிடக் கூடாது என்று அம்மா என்னையும் கூடவே அனுப்பினாள். காற்றாடி சுழலும் பெரிய அறையில் நின்று, அப்பா பழைய குண்டையும் புதுக் குண்டையும் மேசைமேல் வைத்தார். “திஸ் புல்லட் நோ குட் சார். மை மிஸ்டேக். லேடி ஹேண்ட் வெரி குட்.”

வங்கித் துரை மீசையைத் தடவினார். “யூ சேட் ஷேக்கிங்.”

அப்பா இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். நிஜமாகவே நடுங்கின. “ஷேக்கிங் இஸ் மை ஹேண்ட், சார்.”

அவர் முதலில் முறைத்தார். பிறகு மீசை மெல்ல மேலே ஏறியது. ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் ஒருமுறை சுட்டுக் காட்டட்டும், பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த ஞாயிறு மணல்மேட்டில் துரைசானி அப்பாவைத் தாண்டி நேராக என்னிடம் வந்தாள். டப்பாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஆறு, இன்னொரு ஆறு, இன்னொரு ஆறு. பதினெட்டுச் சூடு வரை நான் எண்ணினேன். அட்டையில் அத்தனையும் வட்ட ஓட்டை, நடுவில் ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு. பிறகு அவள் உருளையைத் திறந்து குழலை வெளிச்சத்துக்குப் பிடித்து, “வா, உள்ளே பாரு” என்று அப்பாவைக் கூப்பிட்டாள். அப்பா பார்த்தார். வரி ஒவ்வொன்றையும் எண்ணலாம் போலச் சுத்தமாக இருந்ததாம்.

“உன்மேலே எனக்கு இன்னும் கோவம் போகலே” என்றாள். “ஆனா நீ சொல்லாம இருந்தா எனக்குத் தெரியவே வந்திருக்காது. கிள்ளானுக்கு உன் பொஞ்சாதியைக் கூட்டிக்கிட்டு வா.”

ரயில்வே குடும்பத்துக்குப் பாஸ் உண்டு. அம்மா, அப்பா, நான், மாமா நாலு பேரும் காலை ரயிலில் கிள்ளானுக்குப் போனோம். அம்மா நெய்ச்சோறு கட்டி எடுத்து வந்தாள். ஆற்றைத் தாண்டி ஒரு திடலில் கூடாரம் போட்டு, கொடியெல்லாம் கட்டியிருந்தார்கள். எங்களுக்குக் கூடாரத்தில் இடமில்லை. ஒரு மழைமரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஒவ்வொரு சூட்டுக்கும் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மாமாதான், “வட்டம் மாப்பிள்ளை, வட்டம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

துரைசானி முதலாவதாக வரவில்லை. கிள்ளானைச் சேர்ந்த ஒரு நரைத்த தோட்டத்துரை வந்தார். அவள் இரண்டாவது. வங்கித் துரை ஏழாவது. கோலாலம்பூர் அணி ஜெயித்தது. கைதட்டல் ஓய்ந்து எல்லோரும் தேநீருக்குக் கூடாரத்துக்குள் போனதும், அவள் எங்கள் மரத்தடிக்கு வந்தாள். நெற்றியெல்லாம் மருந்துக் கரி. அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

“வாங்க” என்றாள். எனக்குத் தெரிந்து அவள் வாயில் அந்த ‘ங்க’ வந்தது அதுதான் முதல் தடவை. “நீங்க ஒண்ணு சுடுங்க.”

“ஐயையோ! எனக்கெதுக்குங்க இதெல்லாம்?” என்று அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா நெய்ச்சோற்றைப் பார்த்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சுடும் கோட்டில் அம்மாவை நிறுத்தி, துரைசானி பின்னால் நின்று கையைப் பிடித்துத் தாங்கிக்கொண்டாள். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். வெடித்ததும் எதிரே மண்மேட்டில் இலக்குக்கு ரொம்ப தூரத்தில் ஒரு கைப்பிடி மண் எழும்பியது. ஆற்றோரத்திலிருந்து கொக்குக் கூட்டம் ஒன்று கலைந்து பறந்தது. அம்மாவின் கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்திருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே புல்லில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். தோளெல்லாம் குலுங்க, கண்ணில் நீர் வழிய. எங்கள் அம்மாவுக்கு அப்படி ஒரு சிரிப்பு உண்டென்று எனக்கு அன்றுவரை தெரியாது.

அப்பா பயந்துபோய் ஓடினார். “என்ன ஆச்சு? கை வலிக்குதா?”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்து எழுந்தாள்.

“ஒண்ணுமில்லே. இன்னொண்ணு குடுப்பாங்களான்னு கேளுங்க.”